விற்பவரே, ஜாக்கிரதை

விவகாரம் ஒரு பழைய சோபாவில் ஆரம்பித்தது. 2021 பிப்ரவரியில் அதை விற்பதற்காக இணையத்தில் விளம்பரம் கொடுத்தது, அன்றைய தில்லி முதல்வர் அரவிந்த் கேஜ்ரிவாலின் குடும்பம். வாங்க ஒருவர் முன்வந்தார். கணக்கு சரியானதுதானா என்று பார்க்க முதலில் ஒரு சிறு தொகையை அனுப்பினார். அது ஒழுங்காக வந்து சேர்ந்தது. பிறகு ஒரு கியூஆர் கட்டத்தை அனுப்பி, அதை ஸ்கேன் செய்தால் பாக்கிப் பணம் வந்துவிடும் என்றார். ஸ்கேன் செய்ததும் ரூ. 20,000 போய்விட்டது. தவறான கட்டத்தை அனுப்பிவிட்டதாக வருந்தி, இன்னொன்றை அனுப்பினார். அதில் ரூ. 14,000 போனது. சோபாவை விற்கப் போய் மொத்தம் ரூ. 34,000 நஷ்டம்.

சில நாட்களில் தில்லி போலீஸ் சிலரைக் கைது செய்தது. சாதாரண வீட்டுப் புகாருக்கு இந்த வேகம் வாய்ப்பது அபூர்வம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஏமாந்தது விற்றவர். உலகம் முழுவதும் சந்தை வியாபாரத்தின் பழைய எச்சரிக்கை வாங்குபவருக்குத்தான். பல்லைப் பிடித்துப் பார்த்து மாட்டை வாங்கு, தட்டிப் பார்த்துப் பானையை வாங்கு என்பதெல்லாம் அவருக்குச் சொன்னது. 1930ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும், ஒரு சில விதிவிலக்குகள் தவிர, பொருளின் தரத்தைப் பார்த்துக்கொள்வது வாங்குபவர் பொறுப்பு என்றுதான் சொல்கிறது. விற்பவருக்கு என்ன ஆபத்து? அவர் பணம் வாங்கிக்கொள்ளப் போகிறவர்தானே? பழைய பொருட்களின் இணையச் சந்தை இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டது. இன்று வீட்டிலிருக்கும் பழைய கட்டிலையோ, ஸ்கூட்டரையோ, செல்போனையோ விற்க நினைக்கும் குடும்பத் தலைவிதான் அதிகம் பயப்பட வேண்டியிருக்கிறது. பணம் வருவதற்கு முன்பும் பயம். வந்த பிறகும் பயம்.

பழையதை விற்பது இந்தியாவில் புதிதல்ல. மேற்கு தில்லியின் ரகுபீர் நகரில் விடியுமுன்பே ஒரு சந்தை கூடும். குஜராத்திலிருந்து வந்து குடியேறிய வாக்ரி சமூகத்துப் பெண்கள் வீடு வீடாகப் போய், புத்தம் புது எவர்சில்வர் பாத்திரத்தைக் கொடுத்துப் பழைய புடவைகளையும் பேண்ட்டுகளையும் வாங்கி மூட்டை கட்டுவார்கள். அந்த மூட்டைகள் அங்கே பிரிக்கப்படும். எத்தனை புடவைக்கு எந்த வாளி என்று வாசற்படியில் அரை மணி நேரம் வாதம் நடக்கும். இரண்டு தரப்புமே தான்தான் ஏமாந்ததாகச் சொல்லிக்கொண்டு பிரியும். ஆனால் வாளி கையில், புடவை மூட்டையில். கணக்கு அங்கேயே தீர்ந்தது. வீட்டுக்காரியின் பெயர் கூட அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. காகிதமும் இரும்பும் எடுத்துப்போகும் கபாடிவாலாவும் அப்படித்தான். தராசில் கொஞ்சம் திருடுவார். அது எல்லோருக்கும் தெரியும். அந்தத் திருட்டுக்கு ஓர் எல்லை இருந்தது, அடுத்த மாதம் அவர் இதே தெருவுக்கு வந்தாக வேண்டும் என்பதால்.

இந்த இடைத்தரகரை ஒழித்துவிடுவதாகத்தான் இணையம் வாக்களித்தது. 2000ல் ஆரம்பித்த பாஸி டாட் காம் இந்தியர்களுக்கு ஏலத்தில் பழைய பொருளை விற்கக் கற்றுக்கொடுத்தது. 2004ல் அமெரிக்காவின் ஈபே அதை விலைக்கு வாங்கியது. அந்தக் கடை 2018ல் மூடப்பட்டுவிட்டது. அதற்குள் விளம்பரப் பலகை போன்ற தளங்கள் ஓஎல்எக்ஸ், குவிக்கர் என்று வந்துவிட்டன. கமிஷன் இல்லை, கடை வாடகை இல்லை. படம் எடு, போடு, விற்றுவிடு. 'பேச் தே' என்ற இரண்டு இந்திச் சொற்களைத் தொலைக்காட்சி வீடு வீடாகக் கொண்டுபோனது. அதுவரை பரண் மேல் ஏறிய எதுவும் கீழே இறங்கியதில்லை என்பதுதான் நடுத்தரக் குடும்பத்தின் வழக்கம். தட்டுமுட்டுச் சாமானையும் பணமாக்கலாம் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தது இந்த விளம்பரங்கள்தான். பெங்களூரிலிருந்து புனேவுக்கும், குருகிராமிலிருந்து ஹைதராபாத்துக்கும் வேலை மாறிக்கொண்டே இருக்கும் ஒரு தலைமுறைக்கு இது வரப்பிரசாதம். லாரியில் ஏற்றிப்போகும் செலவு கட்டிலின் விலையைவிட அதிகம்.

ஆனால் இடைத்தரகர் கமிஷனை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை. பொருள் எங்கிருந்து வந்தது, பணம் யார் பணம், நாளை தகராறு வந்தால் யாரைப் பிடிப்பது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் அரைகுறையாகவாவது அவர்தான் பதிலாக இருந்தார். அவரை அனுப்பிவிட்ட பிறகு மூன்றும் விற்பவர் தலையில் விழுந்தன.

விளம்பரம் போட்ட முதல் மணி நேரத்திலேயே இது தெரிந்துவிடும். வருகிற செய்திகளில் பெரும்பாலானவை ஒரே கேள்விதான்: 'கடைசி விலை என்ன?' பொருளைப் பார்க்காமலே கேட்கப்படும் கேள்வி இது. ரூ. 12,000 என்று போட்ட குளிர்சாதனப் பெட்டியை ரூ. 4,000க்குக் கேட்பவர், விலையைச் சொல்லிவிட்டு மறைந்துபோகிறவர், 'இன்று மாலை வருகிறேன்' என்று மூன்று மாலைகள் சொல்கிறவர், விளம்பரத்திலேயே எழுதியிருப்பதை மறுபடி கேட்கிறவர் என்று வரிசை நீளும். பெண் பெயரில் விளம்பரம் இருந்தால் பொருளுக்குச் சம்பந்தமில்லாத விசாரிப்புகளும் வரும். இதனாலேயே பல வீடுகளில் மனைவியின் பொருளைக் கணவர் பெயரில் விற்கிறார்கள்.

நேர்மையான விற்பனையாளருக்கு இன்னொரு சங்கடம் உண்டு. அதைப் பொருளாதாரம் எப்போதோ கண்டுகொண்டது. 1970ல் ஜார்ஜ் ஏகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் பழைய கார்ச் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். காரின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் எல்லாக் காரையும் ஓட்டைக் காராகவே நினைத்து அவர் விலையைக் குறைப்பார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க யாருக்கும் மனம் வராது. நல்ல கார்கள் சந்தையிலிருந்து விலகிக்கொள்ள, ஓட்டைகள் மட்டும் மிஞ்சும். இந்த ஆராய்ச்சிப் பாதைக்காக 2001ல் இன்னும் இருவருடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரிசு எதுவும் இல்லாமலே இதைத் தினமும் அனுபவிக்கிறார்கள், பில்லையும் அட்டைப் பெட்டியையும் பத்திரமாக வைத்திருந்து லாப்டாப்பை விற்கப் பார்க்கிறவர்கள். உண்மையைச் சொல்லி விற்பவருக்கும் பொய் சொல்லி விற்பவருக்கும் ஒரே விலைதான்.

இந்தச் சலிப்பில்தான் ஒரு நாள் அந்த அழைப்பு வரும். பேரமே இல்லை. கேட்ட விலைக்குச் சம்மதம். பேசுபவர் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்வார். பக்கத்து ஊர்க் கண்டோன்மெண்டுக்கு மாற்றல் ஆகி வந்திருப்பதாகவும், முகாமைவிட்டு வெளியே வர முடியாது என்றும், பணத்தை இப்போதே அனுப்பிவிட்டுச் சாமானுக்கு வண்டி அனுப்புவதாகவும் சொல்வார். கேட்காமலே அடையாள அட்டையின் படம் வரும். ஆதார், கேன்டீன் அட்டை, சீருடையில் ஒரு புகைப்படம். படத்திலிருப்பவர் பெரும்பாலும் நிஜமான சிப்பாய்தான். அவரே தன் பைக்கை விற்க முயன்றபோதோ வேறு எங்கோ கொடுத்த அட்டையின் நகல் இப்படிக் கை மாறியிருக்கும். இந்தியக் குடும்பத்தில் இன்னும் சந்தேகப்படத் தோன்றாத உடைகள் சில உண்டு. சீருடை அதில் முதலாவது. மோசடிக்காரர்கள் இதைச் சமூகவியல் படிக்காமலே தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

அடுத்தது கியூஆர் கட்டம். 2016ல் வந்த யுபிஐ முறை எந்த அளவுக்குப் பரவிவிட்டது என்றால், 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிமாற்றங்களைத் தாண்டியது. பெட்டிக்கடையில் கட்டத்தைக் காட்டினால் பணம் நகரும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தப் பக்கம் நகரும் என்பதில்தான் குழப்பம். அந்தக் கட்டத்தில் இருப்பது பணம் போய்ச் சேர வேண்டிய முகவரி மட்டுமே. ஸ்கேன் செய்கிறவர் எப்போதுமே கொடுப்பவர். ரகசிய எண்ணான பின் கேட்கப்படுவதும் பணம் போகும்போதுதான், வரும்போது அல்ல. (கணக்கிலுள்ள இருப்பைப் பார்ப்பதற்கும் கேட்பார்கள், அது வேறு.) ஆனால் திரையில், குறிப்பு எழுதும் இடத்தில், 'ரூ. 20,000 பெறுவதற்கு' என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருப்பார்கள். மறுமுனையில் இடைவிடாமல் பேச்சு வந்துகொண்டே இருக்கும். வண்டி கிளம்பிவிட்டது, அதிகாரி பக்கத்தில் நிற்கிறார், ராணுவக் கணக்கில் இப்படித்தான் முறை, சீக்கிரம். வங்கி அதிகாரிகளும் டாக்டர்களும் ஏமாந்திருக்கிறார்கள் என்பதில் ஆச்சரியம் இல்லை. அந்த இரண்டு நிமிடங்களில் படிப்பு உதவுவதில்லை.

அழைப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போன போலீசார் பல தடவை போய்ச் சேர்ந்த இடம் மேவாத். ஹரியானாவின் நூஹ், ராஜஸ்தானின் பரத்பூர், ஆல்வார், உத்தரப் பிரதேசத்தின் மதுரா ஆகியவை கூடும் எல்லைப் பகுதி. தில்லியிலிருந்து காரில் இரண்டு மூன்று மணி நேரம். செல்போன் கோபுரம் ஒரு மாநிலத்தில், பேசுபவர் இன்னொரு மாநிலத்தில், வங்கிக் கணக்கு எங்கோ கிழக்கில் ஒரு கூலித் தொழிலாளி பெயரில். எந்தப் போலீசின் எல்லை என்று தீர்மானிப்பதற்குள் சிம் அட்டை வயலில் எறியப்பட்டிருக்கும்.

மேவாத்தில் இந்தத் தொழிலுக்குப் பழைய வேர் ஒன்று உண்டு. 'டட்லு' என்பார்கள். வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போது தங்கக் கட்டி கிடைத்தது, போலீசுக்குப் பயந்து மலிவாக விற்கிறோம் என்று வெளியூர்க்காரருக்குத் தகவல் போகும். பேராசையோடு வந்தவருக்கு முலாம் பூசிய பித்தளை கிடைக்கும், அல்லது ஒதுக்குப்புறத்தில் அடி கிடைக்கும். செல்போன் வந்ததும் டட்லுவுக்கு முலாம் தேவைப்படவில்லை, வெளியூர்க்காரர் வந்து சேரவும் தேவைப்படவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம். தங்கக் கட்டிக்கு ஏமாந்தவர் பேராசைக்காரர். பழைய சோபாவை விற்கிறவரிடம் பேராசை எதுவும் இல்லை. தான் போட்ட விலையையே அவர் எதிர்பார்க்கிறார்.

அந்த வட்டாரம் முழுவதையும் பழிப்பதும் நியாயமல்ல. அங்கே பெரும்பான்மையோர் மேவ் முஸ்லிம் விவசாயிகள். 2018ல் நிதி ஆயோக் பின்தங்கிய மாவட்டங்களை வரிசைப்படுத்தியபோது கடைசி இடம் நூஹுக்குத்தான் கிடைத்தது. தலைநகரின் கண்ணாடிக் கட்டடங்கள் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்க, பள்ளியும் வேலையும் இல்லாத இளைஞன் கையில் மலிவான டேட்டாவோடு ஒரு போன் மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. 2023 ஏப்ரல் கடைசியில் ஹரியானா போலீஸ் சுமார் 5,000 பேரை இறக்கி 14 கிராமங்களை ஒரே இரவில் சுற்றி வளைத்தது. பிடிபட்டவர்களின் போன்களையும் கணக்குகளையும் ஆராய்ந்ததில் நாடு முழுவதும் சுமார் 28,000 புகார்களோடு தொடர்பு தெரிந்தது என்றும், தொகை ரூ. 100 கோடிக்கு மேல் என்றும் போலீஸ் அறிவித்தது. பழைய பொருள் வியாபாரம் அந்த மோசடிகளில் ஒரு வகை மட்டும்தான்.

பணத்தைக் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதி யுபிஐயில் தனிநபர்களுக்கிடையே இருந்தது. அதையும் மோசடிக்காரர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் அதை நிறுத்திவிட்டது. நல்ல காரியம், தாமதமாக வந்த நல்ல காரியம். கியூஆர் கட்டம் இன்னும் இருக்கிறது.

பணம் ஒழுங்காக வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நிம்மதி இல்லை. அதிகம் பேசப்படாத ஆபத்து இங்கேதான் இருக்கிறது. வந்த பணம் எங்கோ ஒருவரிடம் திருடியதாக இருந்தால்? ஏமாந்தவர் 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்ததும், பணம் போன தடத்தைப் பின்தொடர்ந்து, அது தொட்ட கணக்குகளை முடக்கும்படி போலீசிடமிருந்து வங்கிகளுக்கு உத்தரவு போகும். ஏமாந்தவருக்கு இது பெரிய உதவி. முதல் சில மணி நேரத்துக்குள் புகார் செய்தால் பணம் தப்பவும் வாய்ப்பு உண்டு. ஆனால் அந்தத் தடத்தில் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ நிற்பவர், தன் பழைய கேமராவை ரூ. 15,000க்கு விற்றவராக இருக்கலாம். சம்பளம் வரும் கணக்கு ஒரு காலையில் செத்துக் கிடக்கும். வங்கியில் கேட்டால், முன்பின் பார்த்திராத ஒரு மாநிலத்துப் போலீஸ் நிலையத்தின் பெயரைச் சொல்வார்கள். கேமராவை விற்றதற்கு அவரிடம் என்ன ஆதாரம்? வாட்ஸ்அப்பில் நாலு வரிகள்.

2023ல் கேரளத்தில் இப்படிக் கணக்குகள் முடங்கி, பெரும் கூச்சல் எழுந்தது. போலீஸ் சந்தேகிக்கும் தொகையை மட்டும் நிறுத்தி வைக்கலாம், கணக்கு முழுவதையும் முடக்கிவைக்கத் தேவையில்லை என்ற திசையில் கேரள உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு உத்தரவிட்டது. நியாயமான உத்தரவு. அதைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றம் வரை போகத் தெம்புள்ளவர்களுக்குப் பயன்படும். ரூ. 15,000 கேமராவுக்காக எத்தனை பேர் போவார்கள்?

வாகனத்தை விற்றவர் கதை வேறு மாதிரி. சோபாவை எடுத்துப்போனவர் அதை வைத்து என்ன செய்கிறார் என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஸ்கூட்டரோ காரோ, எங்கே போனாலும் பழைய முதலாளியின் பெயரைச் சுமந்துகொண்டு போகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50வது பிரிவு, விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. வெளி மாநிலத்துக்கு விற்றால் அவகாசம் 45 நாட்கள். வாங்கியவருக்கு 30 நாட்கள். படிவம் 29, படிவம் 30. நடைமுறையில் என்ன நடக்கிறது என்பது தெரிந்ததுதான். இரண்டு படிவங்களிலும் வெறும் கையெழுத்துப் போட்டு, சாவியோடு கொடுத்துவிட்டு, 'மாற்றிக்கொள்ளுங்கள்' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். வாங்கியவர் மாற்ற மாட்டார், ஏனென்றால் மூன்று மாதத்தில் அவரே வேறு ஒருவருக்கு விற்கப் போகிறார்.

இதற்கு உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தெளிவாகப் பதில் சொன்னது. வழக்கு 2009ல் நடந்த ஒரு விபத்து பற்றியது. பதிவில் பெயர் இருந்தவர் வண்டியை 2007லேயே விற்றுவிட்டிருந்தார். அதன் பிறகும் அது கை மாறிக்கொண்டே போயிருந்தது. ஆனாலும் நஷ்ட ஈடு தர வேண்டியவர் பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் என்றது நீதிமன்றம். விபத்தில் மகனையோ கணவனையோ இழந்தவர், வண்டி யார் யாரிடம் போனது என்று சங்கிலி பிடித்து அலைய முடியாது. நீதிமன்றத்தின் வாதத்தில் குறை சொல்ல முடியாது. விற்றுவிட்டதாக நினைத்துத் தூங்கியவருக்குத்தான் இடி.

2025 நவம்பர் 10 அன்று தில்லி செங்கோட்டை அருகே வெடித்த காரும் பல கை மாறிய பழைய கார்தான். போலீஸ் முதலில் போய் நின்றது பதிவில் பெயர் இருந்த குருகிராம்காரரின் வீட்டில். அவரோ காரை எப்போதோ விற்றிருந்தார். வட இந்தியாவில் அந்த வாரம் எத்தனை பேர் தங்கள் பழைய வண்டி எண்ணைத் தேடிப் பார்த்திருப்பார்கள் என்று கற்பனை செய்யலாம்.

வியாபாரிகள் விஷயத்தில் அரசு ஓரளவு விழித்துக்கொண்டது. 2023 ஏப்ரல் 1 முதல் அமலான விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற பழைய வாகன வியாபாரியிடம் விற்று, அதை இணையத்தில் முறைப்படி தெரிவித்துவிட்டால், வண்டிக்கு அந்த வியாபாரியே பொறுப்பாளர். இன்னொரு தனிநபருக்கு நேரடியாக விற்பவருக்கு இந்தக் குடை இல்லை.

செல்போனை விற்பவருக்குக் கவலை உள்ளே இருக்கும் படங்களும் வங்கிச் செயலிகளும். அழித்துவிட்டுக் கொடுக்க வேண்டும் என்பது இப்போது பெரும்பாலோருக்குத் தெரியும். வாங்குபவருக்குக் கவலை அது திருட்டு போனா என்பது. 2023ல் வந்த சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்து அதைப் பார்க்கலாம். பழைய பொருள் சந்தையில் அரசு கட்டிக்கொடுத்த உருப்படியான வசதிகளில் இது ஒன்று. சோபாவுக்கும் சைக்கிளுக்கும் ஐஎம்இஐ கிடையாது.

இத்தனைக்கும் நடுவில் அந்தத் தளங்கள் எங்கே? தாங்கள் வெறும் விளம்பரப் பலகை என்பதுதான் அவற்றின் நிரந்தர பதில். அப்படிச் சொல்ல அவற்றுக்கு ஒரு சரித்திரக் காரணமும் உண்டு. 2004 டிசம்பரில் பாஸியின் தலைவர் அவ்னீஷ் பஜாஜ் கைது செய்யப்பட்டார். யாரோ ஒரு மாணவர் ஆபாசப் படத் துண்டு ஒன்றை அந்தத் தளத்தில் விற்பனைக்குப் போட்டதுதான் காரணம். மூன்றாம் மனிதர் ஒட்டிய சுவரொட்டிக்குச் சுவரின் சொந்தக்காரரைப் பிடித்து உள்ளே தள்ளலாமா என்று நாடே விவாதித்தது. 2008ல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் திருத்தப்பட்டு, 79வது பிரிவு இடைநிலை நிறுவனங்களுக்கு விரிவான பாதுகாப்பு கொடுத்தது. புகாரும் உத்தரவும் வந்தால் நீக்க வேண்டும், உரிய எச்சரிக்கையோடு நடந்துகொள்ள வேண்டும். மற்றபடி அவை பொறுப்பல்ல. உச்ச நீதிமன்றம் 2012ல் பஜாஜை விடுவித்தது.

அன்றைய அநியாயத்துக்கு அது சரியான மருந்து. ஆனால் மருந்தின் அளவு இப்போது அதிகமாகிவிட்டதோ என்று தோன்றுகிறது. கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரலில், குஜராத்திலுள்ள சர்தார் படேலின் ஒற்றுமைச் சிலையை ரூ. 30,000 கோடிக்கு விற்பதாக ஓஎல்எக்ஸில் ஒரு விளம்பரம் வந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்காம். அதே ஆண்டு டிசம்பரில் வாராணசியிலுள்ள பிரதமரின் தொகுதி அலுவலகம் ரூ. 7.5 கோடிக்கு வந்தது. இரண்டிலும் போலீஸ் பாய்ந்தது, விளம்பரங்கள் போயின. 182 மீட்டர் உயரச் சிலையே பலகையில் ஏற முடிந்தபோது, இல்லாத ராணுவ வீரரின் இல்லாத புல்லட் பைக் ஏறுவதில் என்ன தடை இருக்கப் போகிறது?

நுகர்வோர் சட்டமும் இங்கே கைகொடுக்காது. 2020ல் வந்த மின் வணிக விதிகள், தொழிலாக இல்லாமல் தனிமனிதர் தன் சொந்த ஹோதாவில் செய்யும் காரியங்களுக்குப் பொருந்தாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகின்றன. பாட்டியின் தையல் மெஷினை விற்க நிறுவனத்துக்குரிய சட்டதிட்டம் எதுவும் வேண்டாம் என்பது நல்லதுதான். ஆனால் அதன் மறுபக்கம், அந்தப் பாட்டி சட்டத்தின் கண்ணில் வியாபாரியும் அல்ல, நுகர்வோரும் அல்ல. மோசடி நடந்தால் அவருக்குள்ள வழி போலீஸ் மட்டுமே. தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 15 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்றுதான் 2021ல் வந்தபோது விதி சொன்னது. மோசடிக்காரருக்குப் பதினைந்து நிமிடம் போதும்.

விற்பவரின் போன் எண்ணை எல்லோருக்கும் காட்டாமல் இருப்பது, புதிதாகத் தொடங்கிய கணக்கு என்றால் பளிச்சென்று சொல்வது, பொருள் கை மாறும்வரை பணத்தை நடுவில் நிறுத்திவைப்பது எல்லாம் தொழில்நுட்பத்தில் அசாத்தியமல்ல. சிலவற்றைச் சில தளங்கள் செய்தும் வருகின்றன. ஆனால் இலவச விளம்பரத்தில் லாபம் கூட்டத்தைப் பொறுத்தது. வாசலில் சோதனை வைத்தால் கூட்டம் குறையும். இந்தக் கணக்கைத் தாமாக மாற்றிக்கொள்ளத் தளங்களுக்கு அவசரம் எதுவும் இல்லை. அரசு அவசரப்படுத்தவும் இல்லை.

எனவே, ஒழிக்கப்பட்டதாகச் சொன்ன இடைத்தரகர் வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். காருக்குக் கார்ஸ்24, ஸ்பின்னி, போனுக்குக் கேஷிஃபை என்று நிறுவனங்கள் வந்தன. வீட்டுக்கே ஆள் அனுப்பி, பொருளைச் சோதித்து, ஒரு விலை சொல்லி, பணத்தைக் கொடுத்து எடுத்துப்போகிறார்கள். கீறலுக்கு இவ்வளவு, பாட்டரிக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வரும்போது கபாடிவாலாவின் தராசு ஞாபகத்துக்கு வரும். விலை, தனிநபருக்கு விற்றால் கிடைப்பதைவிடப் பொதுவாகக் குறைவுதான். தெரிந்தே அதை ஒப்புக்கொள்கிறார்கள். அந்த வித்தியாசம் தூக்கத்தின் விலை. விளம்பரப் பலகைகளில் முன்னணியில் இருந்த ஓஎல்எக்ஸின் இந்தியத் தொழிலே 2023ல் கார்ட்ரேட் என்ற வாகன வர்த்தக நிறுவனத்தின் கைக்குப் போனது.

கட்டிலுக்கும் மேஜைக்கும் அப்படி நிறுவனம் வரிசையில் நிற்கவில்லை. அவற்றை விற்பவர்கள் தங்களுக்குத் தாங்களே சில விதிகள் வகுத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரிய குடியிருப்புகளில் முதலில் வாட்ஸ்அப் குழுவில்தான் படம் போகிறது. 'பி பிளாக், மூன்றாவது மாடி' என்பது இன்றைய நம்பிக்கைப் பத்திரம். வெளியாளுக்கு விற்பதானால் தில்லியில் மெட்ரோ நிலைய வாசலில் சந்திக்கிறார்கள், காமிராவும் காவலரும் இருப்பார்கள் என்பதால். ஸ்கூட்டரை ஓட்டிப் பார்க்கக் கேட்டால் பின்னால் ஒருவர் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். வண்டி கை மாறும்போது வாங்குபவரின் அடையாள அட்டையோடு நேரம், தேதி எழுதிய ரசீதில் இரு தரப்பும் கையெழுத்திடுகிறார்கள், அன்றே இணையத்தில் மாற்றல் மனுவும் போகிறது. பணம் என்றால் சிலர் ரொக்கம் மட்டுமே என்கிறார்கள். யுபிஐ யுகத்தின் நடுவில், ரூ. 500 தாள்களை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டு.

ரகுபீர் நகரில் பழந்துணி மூட்டைகள் இன்றும் விடியுமுன் பிரிகின்றன. ஆனால் அந்தப் பெண்களுக்குத் தொழில் நொடித்துவருகிறது. மலிவுத் துணியும் பிளாஸ்டிக் வாளியும் ஒரு பக்கம் என்றால், உயர்ந்த கட்டடங்களின் காவலாளிகள் அவர்களை உள்ளே விடுவதில்லை என்பது மறுபக்கம். பாதுகாப்புக் காரணமாம்.